கேத்தியின் தலைமையாசிரியர்

குன்னூரிலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயில், வெலிங்டனையும் அருவங்காட்டையும் கடந்து, காய்கறித் தோட்டங்களையும் ஹட்டி எனப்படும் படகர் சிற்றூர்களின் வரிசை வீடுகளையும் காட்டியவாறு வந்து நிற்கும் கேத்தி என்னும் சிறு நிலையம், 1982 பிப்ரவரியில் வெளிவந்த ‘மூன்றாம் பிறை’யின் இறுதிக் காட்சியால் தமிழ் ரசிகர்களின் நினைவில் நிரந்தர ஸ்தானம் பெற்றுவிட்டது. அப்படத்தைப் பற்றிப் பேசுவோர் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்ற கமல்ஹாசனையும், ஸ்ரீதேவியையும், இயக்கத்தோடு ஒளிப்பதிவையும் தாமே ஏற்று நீலகிரியின் பனியை ஒரு கதாபாத்திரமாகவே ஆக்கிவிட்ட பாலு மகேந்திராவையும் போற்றுவது முற்றிலும் நியாயமே. ஆயினும் கதாநாயகன் சீனு பணிபுரியும் மலைப்பள்ளியின் தலைமையாசிரியராக வருகிற பூர்ணம் விஸ்வநாதனைப் பற்றி அதிகமாக யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாளாகவே குறை.

அவருக்கு அளிக்கப்பட்ட பாத்திரம் எளிதன்று. வயது முதிர்ந்த கணவர். சில்க் ஸ்மிதா நடித்த இளம் மனைவியோ, மனம் வேறிடத்தில் அலைபாய நிற்பவள். இத்தகைய கணவனை நம் சினிமா வழக்கமாகக் கேலிப்பொருளாக்கிக் கைதட்டல் வாங்கிவிடும். சற்றே குரலை உயர்த்தியிருந்தாலும், ஒரு கண்சிமிட்டலைக் கூட்டியிருந்தாலும், அவரும் அந்தப் பள்ளத்தில் வீழ்ந்திருப்பார். அவரோ அந்த மனிதரின் கௌரவத்தைக் கைவிடாமல், வருஷக்கணக்காகப் பிள்ளைகளை மேய்த்துப் பழகிய வாத்தியாராக மட்டுமே நமக்குத் தோற்றமளிக்கிறார். இந்த அடக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அறிய, கேத்தியை விட்டுச் சிறிது தூரம் போகவேண்டும்.

1921இல் பிறந்த பூர்ணம் விஸ்வநாதன் முதலில் குரலால்தான் தமிழர்களுக்கு அறிமுகமானார். தில்லி அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசிப்பாளராக அமர்ந்திருந்த அவர், 1947 ஆகஸ்ட் 15 அன்று தேசம் விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்தவராக நினைவுகூரப்படுகிறார். அவருடைய சகோதரர் ராமச்சந்திரனே ‘உமாசந்திரன்’ என்ற புனைபெயரில் ‘முள்ளும் மலரும்’ நாவலை எழுதியவர். 1978இல் மகேந்திரன் அதைப் படமாக்கியபோது ஒளிப்பதிவு செய்தவர் இதே பாலு மகேந்திராதான்.

செய்தி வாசிப்பு என்பது உணர்ச்சியை உள்ளே அடக்கிக்கொண்டு பொருளை மட்டும் வெளியே அனுப்புகிற வித்தை. நாடக மேடை அதற்கு நேர்மாறானது. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனின் செவிக்கும் எட்டவேண்டியிருப்பதால், உள்ளே இருப்பதைப் பெருக்கி வெளியே வீசுமாறு நடிகனை அது பழக்குகிறது. தில்லித் தமிழர்களின் நாடகங்களில் வேரூன்றி, பின்னர் சென்னையில் ‘பூர்ணம் நியூ தியேட்டர்’ என்ற குழுவை அமைத்து, எழுத்தாளர் சுஜாதாவின் ‘கடவுள் வந்திருந்தார்’, ‘அடிமைகள்’, ‘ஊஞ்சல்’ முதலிய நாடகங்களை அரங்கேற்றிய பூர்ணம், இவ்விரண்டு வித்தைகளையும் ஓர் உடம்பில் இணைத்துக்கொண்டவர். இவற்றுள் ‘கடவுள் வந்திருந்தா’ரை நான் விசேஷமாகக் குறிப்பிடுவேன். ஓய்வு பெற்ற ஒரு குடும்பஸ்தரிடம் எதிர்காலத்திலிருந்து ஒருவன் வந்து சேருகிறான். அவனைக் காணக்கூடியவர் அவர் ஒருவரே. வீட்டார் கண்களுக்கோ அவர் வெறும் காற்றோடு சம்பாஷிக்கும் பித்தர். ஒரே வாக்கியத்தை, விருந்தாளிக்குப் பதிலாகவும் மனைவிக்கு உளறலாகவும் ஒலிக்கும்படி சொல்லவேண்டிய நெருக்கடியை ஒரு நடிகன் எத்தனை முறை எதிர்கொள்கிறானோ, அத்தனை முறையும் அவனுடைய அளவு உணர்ச்சி கூர்மை பெறுகிறது. கேத்தியில் நாம் காணும் அளவு இத்தகைய மேடைகளில் பழகியதே.

இனி, மேடையில் பழகிய குரல் திரைக்கு எப்படி மாறுகிறது என்பதையும் சொல்லவேண்டும். அக்காலத் தமிழ்ப் படங்களில், குறிப்பாக மலைப்பிரதேசத்தின் காற்றும் வாகன இரைச்சலும் சூழ்ந்த வெளிப்புறப் படப்பிடிப்புகளில், நடிகர்கள் பேசியதை அப்படியே எடுத்துக்கொள்ளும் வழக்கம் அரிது. படம் எடுத்து முடிந்தபின், சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தின் இருட்டில் நின்று, திரையில் தம் உதடுகள் அசைவதைப் பார்த்தபடி வசனத்தை மீண்டும் பேசுவார்கள், இதுவே ‘டப்பிங்’. எதிரே சக நடிகர் இல்லை, மலை இல்லை, குளிர் இல்லை. இருப்பது ஒலிவாங்கி ஒன்றே. மேடையிலிருந்து வந்த பலர் தடுமாறும் அந்த இடம், ஒலிவாங்கியோடு பல்லாண்டு வாழ்ந்த வானொலிக்காரருக்குச் சொந்த வீடு.

மேடையில் வேரூன்றித் திரைக்கு வந்த இந்த வகை வாழ்க்கைக்கு வெகுதொலைவில் ஓர் ஒப்புமை உண்டு. லித்துவேனிய நாட்டின் டொனாட்டஸ் பானியோனிஸ் (1924–2014) என்ற நடிகர், பனெவெஜிஸ் என்ற சிறு நகரத்தின் நாடக அரங்கில் 1941இல் சேர்ந்து, யுவோஸாஸ் மில்டினிஸ் என்ற ஆசிரியரிடம் பயின்று, உலகப் புகழ் வந்த பின்னும் அந்த அரங்கோடு கொண்ட பந்தத்தை விடாதிருந்தவர். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ‘சோலாரிஸ்’ (1972) படத்தில், இறந்துபோன மனைவி மீண்டும் எதிரே வந்து நிற்பதைக் காணும் விஞ்ஞானி அவர். அப்படத்தில் நாம் கேட்கும் குரல் மட்டும் அவருடையதன்று. விளாதிமிர் ஜமான்ஸ்கி என்ற வேறொரு நடிகருடையது. குரலை இழந்த பின்னும் அந்த முகம் படத்தைத் தாங்கியது, மேடை அவருக்குத் தந்த மௌனத்தின் பலம் என்றே கருதுகிறேன். பூர்ணம் விஸ்வநாதனுக்கு அந்த இழப்பு நேரவில்லை. அவருடைய குரலை எடுத்துவிட்டால் அவருடைய பாத்திரங்களில் பாதி போய்விடும்.

பிற படங்களில், ‘வறுமையின் நிறம் சிவப்பு’ (1980) தந்தையையும் ‘வருஷம் 16’ (1989) தாத்தாவையும் பலரும் அறிவார்கள். சிறைக்குள் இன்னலுறும் பஞ்சாபகேசனாக ‘மகாநதி’யில் (1994) அவர் வருவதை நான் இவற்றுக்கெல்லாம் மேலே வைப்பேன், பக்தியையும் பயத்தையும் ஒரே தொனியில் பேசும் ஆற்றல் அங்கே பரிபூரணமாக வெளிப்படுகிறது. 2008 அக்டோபர் 1 அன்று சென்னையில் அவர் காலமானார். அவருடைய குழுவில் பயின்றவர்கள் அந்த நாடகங்களைப் பின்னும் மேடையேற்றியிருக்கிறார்கள். சுஜாதாவின் பிரதிகளும் அச்சில் கிடைக்கின்றன. ‘மூன்றாம் பிறை’யை மறுபடி பார்க்க நேர்பவர்கள், கேத்தி நிலையத்துக்காகக் காத்திராமல், தலைமையாசிரியர் வரும் காட்சிகளில் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கவேண்டுகிறேன்.