மூடியைக் கழற்றும் முன்: டியூப் ஆம்ப்பும் ஷாக்கும் ரசீதும்

கிட்டார் டியூப் ஆம்ப்பின் உள்ளே இருக்கும் மின்சாரம் சுவர் பிளக்கில் வருவதைவிட மோசமானது. ஃபெண்டர் சாம்ப் போன்ற 5 வாட் பெட்டியிலேயே வால்வின் (டியூப்) பிளேட்டுக்குப் போகும் டிசி 300 வோல்ட்டைத் தாண்டும். ட்வின் ரிவர்ப் போன்ற பெரிய பெட்டியில் அது 400-க்கு மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் இதைப் பிடித்து வைத்திருக்கும். டோன் சரியில்லை என்று வீடியோ பார்த்து ஸ்க்ரூடிரைவர் எடுக்கும் பலருக்கு, பிளக்கைக் கழற்றியாயிற்று என்பது ஒன்றே தைரியம். வீட்டில் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறது என்ற தைரியமும் இங்கே செல்லாது. அது மெயின்ஸ் பக்கத்துக் கசிவை மட்டும்தான் பார்க்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால் உள்ள மின்சாரம் நெஞ்சுக்குக் குறுக்கே பாய்ந்தாலும் அது டிரிப் ஆகாது.

இத்தனைக்கும், டோன் மாற்றத்தில் பெரும்பகுதிக்குச் சேசிஸை (ஆம்ப்பின் உலோகக் கூடு) திறக்கவே வேண்டாம். காதுக்கு உடனே தெரியும் மாற்றம் ஸ்பீக்கரில்தான் கிடைக்கும். ஓம் அளவு பொருந்த வேண்டும், வாட் தாங்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்தது முன்வரிசை வால்வு. 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கக் காரணி 100; அதே சாக்கெட்டில் 5751 போட்டால் 70, 12ஏஒய்7 போட்டால் சுமார் 44. கரகரப்பு குறைந்து சுத்தமான ஒலி வரும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் டியூப் ஆம்ப்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகக்கூடும்.

திறந்தே ஆக வேண்டிய வேலைகளும் உண்டு. கேத்தோடு பைபாஸ் கெபாசிட்டரை 25 மைக்ரோஃபாரடிலிருந்து 0.68-க்கு இறக்கினால், குழைந்து கிடக்கும் பேஸ் ஒலி இறுகும். ஃபிக்ஸ்டு பயஸ் ஆம்ப்பில் பவர் வால்வு மாற்றினால் பயஸ் (வாசிக்காதபோதும் வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அமைப்பு) பார்க்காமல் விடவே கூடாது. 6எல்6ஜிசி தாங்கும் பிளேட் வாட் 30. வழக்கமான உச்சவரம்பு அதில் 70 சதவீதம், அதாவது 21 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் ஒரு வால்வுக்கு 46 மில்லியாம்பியருக்கு மேல் போகக் கூடாது. ‘காதால் கேட்டே பயஸ் வைப்பேன்’ என்று பெருமை பேசும் மெக்கானிக்கிடம் பெட்டியைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

கெபாசிட்டரைக் காலி செய்யும் முறையில் சோம்பல் கூடாது. பிளக்கைக் கழற்ற வேண்டும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரின் ஒரு முனையை இன்சுலேட்டட் கிளிப்பால் சேசிஸில் மாட்டி, மறு முனையைக் கெபாசிட்டரின் பிளஸ்ஸில் வைக்க வேண்டும். ஒரு கைதான் வேலை செய்ய வேண்டும். மற்றது சட்டைப்பையில் இருக்கட்டும். மீட்டரில் வோல்ட் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிய பிறகும் கிளிப்பை எடுக்கக் கூடாது, காலியான கெபாசிட்டரில் மின்னழுத்தம் தானாகவே மீண்டும் ஏறும். ஒவ்வொரு ஃபில்டர் கெபாசிட்டரையும் தனித்தனியே அளக்க வேண்டும். மீட்டரில் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

எர்த் விஷயத்தில் கவனக்குறைவு இன்னும் அதிகம். கிட்டார் கம்பிகள் ஆம்ப்பின் சேசிஸோடு இணைந்தவை. எர்த் இல்லாத ஆம்ப்பில் மாட்டிய கிட்டாரோடு மைக்கைத் தொட்டால் மின்சாரம் வாசிப்பவர் வழியாகவே போகக்கூடும். ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-இல் ஸ்வான்சி மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் ஆம்ப்பை இங்கே 230 வோல்ட்டில் ஓட்ட ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மலிவான ஸ்டெப்-டவுன் பலவற்றில் எர்த் தொடர்வதே இல்லை. வாங்குமுன் உள்ளே போகும் எர்த் முள்ளுக்கும் வெளியே வரும் எர்த் துளைக்கும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய இரண்டு முள் ஆம்ப்புக்கு மூன்று முள் ஒயர் போடும்போது, மெயின்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் கெபாசிட்டரையும் கழற்றிவிட வேண்டும். ‘ஹம்’ போகிறது என்று எர்த் முள்ளை உடைப்பவர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் போதாது: எர்த்தைக் கழற்றக் கூடாது.

இனி சட்டம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆவது பிரிவு, விபத்து நடந்தபோது பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்பனையாளர்மீது பொருள் பொறுப்பு வழக்கு போட முடியாது என்கிறது. வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் ஆம்ப்பில் சால்டரிங் அயர்ன் வைப்பவர் இதைத் தெரிந்துதான் வைக்க வேண்டும். மாறாக 85-ஆவது பிரிவு, குறைபாடான வேலை செய்தவரையும் எச்சரிக்கை சொல்லாமல் விட்டவரையும் பொறுப்பாளியாக்குகிறது. ஆனால் வேலை செய்தவர் யார் என்பதற்குத் தாள் வேண்டுமே! துண்டுச் சீட்டுகூட இல்லாமல் பலர் ஆம்ப்பைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ரசீது தர மறுப்பது அதே சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை. ஆம்ப்பைக் கொடுக்கும்போது மாடல், சீரியல் எண், செய்யப்போகும் மாற்றம், தொகை, தேதி ஆகியவை எழுதிய வேலைச்சீட்டைக் கையெழுத்தோடு வாங்க வேண்டும். திரும்ப வாங்கும்போது பயஸ் அளவும் போட்ட பாகங்களும் எழுதிய ரசீதும் கழற்றிய பழைய பாகங்களும் கைக்கு வர வேண்டும். திறந்த சேசிஸை வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைப்பது நல்லது.

வேலை முடிந்து வந்த ஆம்ப் கெட்டாலோ ஷாக் அடித்தாலோ, வேறு மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறக்கக் கூடாது. திறந்தால் சாட்சி போய்விடும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அது சமரச முயற்சி மட்டுமே, உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை. அது பலிக்காவிட்டால் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இ-ஜாக்ரிதி தளத்திலும் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. மனுவோடு பிரமாணப் பத்திரம், ரசீது, வேலைச்சீட்டு, படங்கள், கடைக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தால் அதன் நகல் ஆகியவை வேண்டும். காயம் பட்டிருந்தால் மருத்துவமனைச் சீட்டும் சேர வேண்டும்.

கச்சேரிக்கு வாசிப்பவர்களிடம் எதிர்த்தரப்பு ‘வணிக நோக்கம், நுகர்வோரே அல்ல’ என்று கிளம்பும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று சட்டமே விளக்குகிறது. இந்த வாசகத்தை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும். ஆய்வகப் பரிசோதனை தேவையென்றால் அதையும் மனுவில் கேட்க வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதம், பரிசோதனை இருந்தால் ஐந்து மாதம் என்று வழக்கை முடிக்கச் சட்டம் கெடு வைத்திருக்கிறது. ஆணையங்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. வாய்தா மேல் வாய்தா ஓடும். அந்தத் தாமதத்துக்குப் பயந்து புகாரைத் தள்ளிப்போடக் கூடாது: பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போயிருக்க வேண்டும், தாண்டினால் தாமதத்துக்கு எழுத்தில் காரணம் காட்டி ஆணையத்தை ஏற்கச் செய்ய வேண்டும்.