அம்மாச்சி ஒருக்களித்தால் எழுத்து ஏன் திரும்புகிறது?

மதியச் சாப்பாடு முடிந்ததும் என் அம்மா பாயை விரித்து இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுப்பார். வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் அந்த நேரத்தில்தான் நிதானமாகப் படிப்பார். படுத்த மறுநொடி திரையில் இருந்த எழுத்தெல்லாம் சுற்றிக்கொண்டு கண்ணுக்குக் குறுக்கே நிற்கும். போனைத் திருப்பிப் பிடித்தால் எழுத்தும் கூடவே திரும்பும். "நான் ஒரு பக்கம் போனா இது ஒரு பக்கம் போகுது, பாருடி" என்று பேத்தியிடம் நீட்டுவார்.

அந்தப் பேத்தி என் அக்கா மகள். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். "மாமா, அம்மாச்சி படுத்தது போனுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டாள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. ஏனென்றால், அம்மாச்சி படுத்தது போனுக்குத் தெரியவே தெரியாது. தரை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

எப்படி என்று பார்க்க வேண்டுமா? செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுங்கள். நடுவில் ஒரு சின்னப் பூட்டை வைத்து, நான்கு ரப்பர் பேண்டுகளால் நான்கு சுவர்களுக்கும் இழுத்துக் கட்டுங்கள். இப்போது பெட்டியை நிமிர்த்தி நிறுத்துங்கள். பூட்டு தொய்ந்து கீழ்ச் சுவர்ப் பக்கம் இறங்கும். மேல் ரப்பர் நீண்டு விறைக்கும், கீழ் ரப்பர் தளரும். பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினால் பூட்டு வேறொரு சுவரை நோக்கி இறங்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு ரப்பர்களைத் தொட்டுப் பார்த்தாலே போதும், எந்தச் சுவர் கீழே இருக்கிறது என்று சொல்லிவிடுவீர்கள்.

போனுக்குள்ளும் இப்படி ஒரு பெட்டி இருக்கிறது. அதன் பெயர் முடுக்கமானி. பூட்டுக்குப் பதில் சிலிக்கான் துண்டு, ரப்பருக்குப் பதில் சிலிக்கானிலேயே செதுக்கிய நுண்ணிய வில்கள். ஒரு சீப்பின் பற்களுக்கு இடையே இன்னொரு சீப்பின் பற்களைத் தொடாமல் செருகினால் எப்படி இருக்கும், அப்படி மெல்லிய தகடுகள் அதில் வரிசையாக நிற்கும். துண்டு சற்றே இறங்கினால் பற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் அந்தத் தகடுகள் தேக்கிவைக்கும் மின்சாரத்தின் அளவும் மாறும். தொட்டுப் பார்க்க விரல் இல்லாத போன், அந்த மாற்றத்தைத்தான் அளக்கிறது. 1990களில் இவ்வகைச் சில்லுகளைக் கார்களில் வைத்தார்கள். கார் மோதியதை உணர்ந்து காற்றுப்பையை விரிக்கச் சொல்வது அவற்றின் வேலை. 2007இல் வந்த முதல் ஐபோனிலேயே அது திரையைத் திருப்பும் வேலைக்கு வந்துவிட்டது.

போன் நேராக நிற்கும்போது நீளவாட்டில் 9.8 என்று காட்டும், அகலவாட்டில் 0. அந்த 9.8 புவியீர்ப்பின் அளவு, உங்கள் பாடப்புத்தகத்தில் வருமே, அதேதான். பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் இரண்டும் இடம் மாறும். சரியாகப் பாதி, அதாவது 45 பாகை சாய்த்தால்? இரண்டிலும் 6.9 வரும். இங்கேதான் சிக்கல். "எது பெரிதோ அந்தப் பக்கம் திருப்பு" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தால், கை லேசாக நடுங்கினாலே திரை அங்குமிங்கும் துள்ளும். மொட்டைமாடித் தொட்டிக்குத் தானாக ஓடும் மோட்டார் வைத்த வீடுகளில் பார்த்திருப்பீர்கள். நீர் நன்றாக இறங்கிய பிறகுதான் மோட்டார் ஓடத் தொடங்கும், நிறைந்த பிறகுதான் நிற்கும். நடுவில் எவ்வளவு இருந்தாலும் பேசாமல் இருக்கும். போனும் அப்படித்தான்: பாதியைத் தாண்டி இன்னும் கொஞ்சம் சாய்ந்தால்தான் திரும்பும். திரும்பி வரவும் அப்படியே.

மேசைமேல் மல்லாத்தி வைத்தால் நீளவாட்டிலும் 0, அகலவாட்டிலும் 0. 9.8 முழுக்க முதுகுப் பக்கம் போய்விடும். எந்தப் பக்கம் திரும்புவது என்று போனால் தீர்மானிக்க முடியாது. கடைசியாக இருந்தபடியே விட்டுவிடும்.

சரி, திரை தானாகத் திரும்பும் இந்தச் சுழற்சி வசதியையே அணைத்துவிடலாமே? அணைத்தோம். வாட்ஸ்அப் அடங்கிவிட்டது. ஆனால் சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து யூடியூபில் பழைய பாட்டுப் பார்க்கும்போது போனைச் சாய்த்தால் படம் பெரிதாகவில்லை. அம்மாவுக்கு அதுவும் வேண்டும். ஆக, ஒரே போனில் ஒரு செயலிக்குச் சுழற்சி வேண்டும், இன்னொன்றுக்குக் கூடாது.

இதைப் போனிடமே சொல்லி வைக்கலாம். "இந்தச் செயலி திறந்தால் இதைச் செய்" என்று விதி எழுதும் வசதி சாம்சங் போன்களில் மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் மேக்ரோட்ராய்ட், டாஸ்கர் போன்ற செயலிகளைப் போட்டுக்கொள்ளலாம். ஐபோனில் ஷார்ட்கட்ஸ். 2021இல் வந்த ஐஓஎஸ் 14.5 பதிப்பிலிருந்து அதிலும் இது முடியும். ஆனால் ஐபோனில் இருப்பது சுழற்சியைத் தடுக்கும் பூட்டு. பூட்டை ஆன் செய்தால் திரை திரும்பாது. விதி எழுதும்போது இதை மறந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

அக்கா மகள் இரண்டு விதி எழுதினாள். யூடியூப் திறந்தால் சுழற்சியை மாற்று. யூடியூப் மூடினால் சுழற்சியை மாற்று. இரண்டு நாள் அழகாக வேலை செய்தது. மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் எழுத்து சுற்றியது, யூடியூபில் படம் அசையவில்லை. விதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை!

நான் அவளை மாடிப்படி விளக்குக்குக் கூட்டிப் போனேன். அதற்குப் படியின் கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச். எதைத் தட்டினாலும் விளக்கு இருக்கும் நிலை மாறும். கரண்ட் போன நேரத்தில், "விளக்கை அணைச்சுட்டு வா" என்றால் உன்னால் முடியுமா என்று கேட்டேன். ஸ்விட்சைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள். "இப்போ அது ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு தெரியாதே மாமா" என்றவள், சட்டென்று நின்றாள். முந்தின நாள் வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டுப் பையன் அம்மாவின் போனில் விளையாடினான். அவன் கையாலேயே சுழற்சியை ஆன் செய்துவிட்டுப் போயிருந்தான். அதன்பிறகு யூடியூப் திறந்ததும் 'மாற்று' வந்து அணைத்தது; மூடியதும் 'மாற்று' வந்து ஆன் செய்தது.

'மாற்று' என்ற சொல் முன்பு என்ன இருந்தது என்பதை நம்பி நிற்கிறது. 'ஆன் செய்', 'ஆஃப் செய்' என்பவை எதையும் நம்பி இல்லை. நூறு முறை சொன்னாலும் விளைவு ஒன்றுதான். ரயில்வே சிக்னலிலிருந்து வங்கிக் கணினி வரை நிரல் எழுதுபவர்கள் இந்த வேறுபாட்டில் அவ்வளவு கவனமாக இருப்பார்கள். அவள் 'மாற்று' இரண்டையும் அழித்தாள். திறந்தால் ஆன், மூடினால் ஆஃப். பையன் என்ன செய்துவிட்டுப் போனாலும், யூடியூபை ஒருமுறை திறந்து மூடினால் எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிடும்.

அடுத்த நாள் மதியம் அம்மா படுத்துக்கொண்டே பாட்டு கேட்டார். படம் அவர் கண்ணுக்குக் குறுக்கே திரும்பி நின்றது. விதி சரியாகத்தான் ஓடியது; யூடியூப் திறந்தது, சுழற்சி ஆன் ஆனது, முடுக்கமானி தரையைப் பார்த்துத் திரையைத் திருப்பியது. கூகுளின் சில பிக்சல் போன்கள் ஆண்ட்ராய்டு 12 முதல் முன்கேமராவில் முகம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துத் திருப்புகின்றன. படுத்துப் பார்ப்பவர்களுக்காகவே வந்த வசதி. அம்மாவின் போனில் அது இல்லை.

அக்கா மகள் சற்று யோசித்துவிட்டு, அம்மாச்சி எத்தனை மணிக்குப் படுப்பார், எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்று விசாரித்தாள். பிறகு விதியில் ஒரு நிபந்தனை சேர்த்தாள்: ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணி வரை யூடியூப் திறந்தாலும் சுழற்சி ஆன் ஆகக் கூடாது. முழுத்திரைப் பொத்தானைத் தட்டினால் படம் குறுக்காகப் பெரிதாகி அப்படியே நிற்கும், தலையணையோடு ஒட்டிப் பார்க்கலாம் என்று காட்டிக் கொடுத்தாள்.

அம்மா ஒருக்களித்துப் பார்த்தார். படம் அசையாமல் நின்றது. மறுபக்கம் புரண்டும் போனைக் கூடவே திருப்பிப் பிடித்துப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்: "சரிடி, ராத்திரி ஒன்பது மணிக்குப் படுப்பேனே, அதுக்கு?"