சுவரில் எழுதியிருந்ததை யாரும் படிக்கவில்லை: சமகாலப் புனைவில் முஸ்லிம் என்னும் பயம்

இந்த எபிசோடை ஒரு சுவரிலிருந்து ஆரம்பிக்கலாம்னு நினைக்கிறேன்.

2015-ல் 'ஹோம்லேண்ட்' என்ற அமெரிக்க டிவி தொடரின் ஐந்தாவது சீசனை பெர்லினில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதைப்படி சிரியா எல்லைப் பக்கம் ஒரு அகதி முகாம் வேணும். செட் போட்டாச்சு. முகாம் நிஜம் மாதிரி தெரியணும்னா சுவரில் அரபியில் ஏதாவது கிறுக்கியிருக்கணும் இல்லையா? சில கலைஞர்களைக் கூப்பிட்டு எழுதச் சொன்னாங்க. அவங்களும் எழுதிக் கொடுத்தாங்க. என்ன எழுதினாங்க? இந்தத் தொடர் ஒரு இனவாதத் தொடர்னு எழுதினாங்க. இன்னொரு இடத்தில், இந்தத் தொடர் ஒரு தர்பூசணின்னு எழுதினாங்க. அரபியில் தர்பூசணின்னா, பொருட்படுத்த வேண்டாத வெத்துச் சமாச்சாரம்னு அர்த்தம். அக்டோபரில் அந்த எபிசோடு அப்படியே ஒளிபரப்பாச்சு. கதாநாயகி அந்த எழுத்தைக் கடந்து நடந்து போறாங்க. படப்பிடிப்பில், எடிட்டிங்கில், சேனலில் ஒருத்தர்கூட அதைப் படிக்கலை. கலைஞர்களே வெளியில் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிஞ்சுது.

சிரிக்கலாம், தப்பில்லை. ஆனா இதுல ஒரு விஷயம் இருக்கு. அந்தக் காட்சிக்கு அரபி எழுத்து தேவைப்பட்டது, அதன் அர்த்தம் தேவைப்படவில்லை. எழுத்து அங்கே இருந்தாலே போதும், பார்க்கிறவர் வயிற்றில் ஒரு சின்ன கலக்கம் வந்துவிடும். மனுஷங்களையும் இதே மாதிரி கதைக்குள் வைக்க முடியுமா? முடியும். பெரிய பெரிய எழுத்தாளர்களே வைத்திருக்கிறார்கள். இன்னிக்கு அதைத்தான் பேசப்போறோம்.

விமான நிலையத்தில் விற்கிற த்ரில்லர்களை நான் இதில் சேர்க்கவில்லை. அதில் வில்லனுக்குத் தாடி இருக்கும், பாம் இருக்கும், கடைசியில் செத்துப்போவான். எனக்கு முக்கியமாகப் படுவது, அனுதாபத்தோடு எழுத உட்கார்ந்த நல்ல எழுத்தாளரின் கையிலும் அதே பயம் எப்படி வந்து உட்காருகிறது என்பதுதான்.

அப்டைக்கின் பையன்

ஜான் அப்டைக்கின் 'டெரரிஸ்ட்' நாவல் 2006-ல் வந்தது. அப்போது அவருக்கு 74 வயது. கதாநாயகன் அஹ்மத் அஷ்மாவி மலோய், 18 வயசுப் பையன். நியூ ஜெர்சியில் ஒரு கற்பனை ஊர். அப்பா எகிப்தியர், எப்போதோ விட்டுட்டுப் போயிட்டார். அம்மா ஐரிஷ் வம்சாவளி, ஆஸ்பத்திரியில் உதவியாளர். பையன் தானாகவே மசூதிக்குப் போக ஆரம்பிக்கிறான். ஷேக் ரஷீத் என்ற இமாம் அவனுக்குக் குர்ஆன் சொல்லிக்கொடுக்கிறார். படிப்பை விட்டு லாரி ஓட்டக் கற்றுக்கொள்கிறான், ஃபர்னிச்சர் கடையில் வேலை. கடைசியில் நியூயார்க்கின் லிங்கன் சுரங்கப்பாதையை வெடிக்க வைக்கும் லாரியின் ஸ்டியரிங் அவன் கையில்.

அப்டைக்குக்கு இந்தப் பையன் மேல் வெறுப்பு இல்லை. இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவன் கடைசியில் பட்டனை அழுத்துவதும் இல்லை. ஆனாலும் முதல் பக்கத்திலிருந்தே நமக்குத் தெரியும், ஏதோ வெடிக்கப்போகிறது. ஏன் தெரிகிறது? தலைப்பு ஒரு காரணம், சரி. அதைவிடப் பெரிய காரணம், அஹ்மதின் தலைக்குள் இருப்பது ஏறக்குறைய ஒரே ஒரு விஷயம். ஸ்கூல் வராந்தாவில் பெண்கள் நடந்துபோனால் அவனுக்குக் கடவுள் ஞாபகம் வருகிறது. டீச்சரைப் பார்த்தால் நம்பிக்கையில்லாதவர் என்ற எண்ணம் வருகிறது. வெள்ளைச் சட்டை, சுத்தம், அல்லாஹ். பதினெட்டு வயசுப் பையன்ங்க! ஒரு அசட்டு ஜோக், பக்கத்து வீட்டுக்காரனோடு ஒரு சில்லறைப் பொறாமை, செல்போன் பில்லைப் பற்றி ஒரு கவலை, இதெல்லாம் ஒரு பையன் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் இல்லையா? அதற்கெல்லாம் இங்கே இடமே கிடைக்கவில்லை.

அப்டைக்குக்கு அப்படியெல்லாம் எழுத வராது என்று சொல்லவே முடியாது. 'ராபிட்' நாவல் வரிசையை எழுதியவர் அவர். அதில் வரும் ராபிட் ஆங்ஸ்ட்ராம் டொயோட்டா கார் விற்கிறவன், கோல்ஃப் ஆடுகிறவன், இதயநோய் வந்த பிறகும் உப்புப் போட்ட கடலையைக் கொறிப்பதை நிறுத்தாதவன். அவனுக்கும் மதம், பயம், சாவு பற்றிய யோசனை எல்லாம் உண்டு. ஆனால் அதற்கு நடுவில் கடலையும் உண்டு. ஒரு சாதாரண அமெரிக்கனின் அன்றாடத்தை இத்தனை அக்கறையாக எழுதியவர் அவர் தலைமுறையில் ரொம்பக் குறைவு. அந்தக் கடலையை அவர் அஹ்மதுக்குக் கொடுக்கவில்லை. என் பார்வையில் இந்த நாவலின் பிரச்சினையே அதுதான்.

இன்னொன்று பாருங்க. அதே நாவலில் ஜாக் லெவி என்று ஒரு ஸ்கூல் ஆலோசகர் வருகிறார், அறுபதைத் தாண்டிய யூதர், கடவுள் நம்பிக்கை கிடையாது. அவருக்கும் அமெரிக்காவைப் பிடிக்கவில்லை. டிவி, தீனி, கடைகள், எல்லாமே வீணாப் போச்சு என்று புலம்புகிறார். அஹ்மத் சொல்கிற குறைகளும் கிட்டத்தட்ட இவையேதான். லெவி சொன்னால் நமக்கு அது வயசானவரின் சலிப்பு. அஹ்மத் சொன்னால் வெடிமருந்து. புலம்பல் ஒன்றுதான், பெயர் மாறினால் நாம் படிக்கிற விதம் மாறிவிடுகிறது.

அடுத்த வருஷமே, 2007-ல், டான் டெலில்லோ 'ஃபாலிங் மேன்' எழுதினார். இரட்டைக் கோபுரத் தாக்குதலில் தப்பித்த கீத் என்பவரின் குடும்பம். ஹம்மத் என்ற விமானக் கடத்தல்காரனும் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சில பக்கம் வருகிறான். அவனுக்குக் காதலி உண்டு, சந்தேகம் உண்டு. அப்டைக்கைவிட இது பரவாயில்லை. ஆனால் எனக்கு மறக்கவே முடியாதது அதில் வரும் குழந்தைகள். ஜன்னலில் நின்று பைனாகுலரில் வானத்தைத் தேடுகிறார்கள். 'பில் லாட்டன்' என்று ஒருவனைப் பற்றிக் கிசுகிசுக்கிறார்கள். அவனுக்கு நீளத் தாடி, 13 மொழி பேசுவான், நாம் சாப்பிடுவதில் விஷம் வைக்கும் சக்தி உண்டு, ஆனால் சில சாப்பாட்டில் மட்டும்! பெரியவர்களுக்கு முதலில் புரிவதில்லை. டிவியில் கேட்ட 'பின்லாடன்' அந்தப் பிஞ்சுக் காதில் அப்படி விழுந்திருக்கிறது. பயம் ஒரு வீட்டுக்குள் எப்படிக் கதையாகிறது என்பதை டெலில்லோ பயமுறுத்தாமல் காட்டிய இடம் இது.

குண்டு இல்லாத பயம்

இப்ப பாரிஸுக்குப் போவோம். மிஷேல் வெல்பெக்கின் 'சுமிஸியோன்', ஆங்கிலத்தில் 'சப்மிஷன்', 2015 ஜனவரி 7 அன்று கடைக்கு வந்தது. அதே நாள் காலையில்தான் 'ஷார்லி ஹெப்டோ' பத்திரிகை அலுவலகத்தில் துப்பாக்கிச்சூடு. அந்த வார அட்டையில் இருந்ததே வெல்பெக்கின் கேலிச்சித்திரம்தான். கொல்லப்பட்டவர்களில் அவருடைய நண்பரான பொருளாதார அறிஞர் பெர்னார் மாரிஸும் ஒருவர். வெல்பெக் புத்தக விளம்பரத்தை நிறுத்திவிட்டார். புத்தகம் அதற்குள் தானே ஒரு செய்தியாகிவிட்டது. பிரான்சின் அன்றைய பிரதமர் மானுவேல் வால்ஸ், பிரான்ஸ் என்பது வெல்பெக் அல்ல என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டிவந்தது.

கதை 2022-ல் நடக்கிறது. அதிபர் தேர்தலில் முகமது பென் அப்பெஸ் என்ற முஸ்லிம் கட்சித் தலைவர், பழைய கட்சிகளின் ஆதரவோடு மரீன் லெ பென்னைத் தோற்கடிக்கிறார். ரொம்ப மரியாதையான மனுஷர், சாமர்த்தியசாலி. குண்டு வெடிப்பதில்லை, கழுத்தை அறுப்பதில்லை. பெண்கள் வேலையை விட்டு வீட்டுக்குப் போகிறார்கள், அதனால் வேலையின்மை குறைகிறது. பேராசிரியர்கள் மதம் மாறினால் நல்ல சம்பளம், கூடவே மனைவிகள். கதைசொல்லி ஃபிரான்சுவாவும் பேராசிரியர்தான். அவர் யோசிக்கிறார், யோசிக்கிறார், மெல்ல வளைகிறார்.

இது இஸ்லாமைப் பற்றிய நாவலே இல்லை, சோம்பேறியாகிப்போன பிரெஞ்சு அறிவுஜீவிகளைக் கிண்டல் செய்கிற நாவல் என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. அந்தக் கிண்டல் நன்றாகவே வேலை செய்கிறது, நானே பல இடத்தில் சிரித்திருக்கிறேன். ஆனால் ஒரு வேலை செய்யுங்க: இந்த நாவலில் முஸ்லிம்கள் பேசுகிற வசனங்களை மட்டும் எண்ணிப் பாருங்க. அதிபரை நாம் தூரத்திலிருந்து டிவியில்தான் பார்க்கிறோம். இஸ்லாமை உட்கார்ந்து விளக்குகிறவர் ரெடிஜெர் என்ற பல்கலைக்கழகத் தலைவர், மதம் மாறிய ஐரோப்பியர். அவர் வீட்டில் பதினைந்து வயசு மனைவி ஒருத்தி, அந்நிய ஆணைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டு ஓடுகிறாள். மூத்த மனைவி சூடாகப் பலகாரம் செய்து தருகிறார். ஒரு நாட்டையே முஸ்லிம்கள் ஆளும் கதையில் முஸ்லிம்களுக்குப் பேச்சு இல்லை! 'ஹோம்லேண்ட்' சுவரில் இருந்த எழுத்து மாதிரியேதான்.

இந்த ஆசிரியர் 2001-ல் ஒரு பேட்டியில் இஸ்லாமை மிகவும் இழிவாகப் பேசி, வழக்குப் போடப்பட்டு, அடுத்த ஆண்டு விடுதலையானவர். அதை வைத்து நாவலைத் தீர்ப்பளிக்க வேண்டாம். ஆனால் அந்த நாவல் இறங்கிய மண் எப்படிப்பட்டது என்று பார்க்கலாம். 2011-ல் ரெனோ காமு என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 'மாபெரும் இடமாற்றம்' என்ற தலைப்பில் ஒரு புத்தகம் போட்டார். ஐரோப்பியர்களை அகற்றிவிட்டு வேறு மக்களை, குறிப்பாக முஸ்லிம்களை, அங்கே குடிவைக்கிறார்கள் என்பது அதன் வாதம். ஆதாரமில்லாத கட்டுக்கதை. 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் வெளியிட்ட அறிக்கைக்கு வைத்த தலைப்பும் அதேதான். வெல்பெக் அவனை உருவாக்கினார் என்று நான் சொல்லவில்லை, அது அபாண்டம். ஆனால் 'அவர்கள் நம் இடத்தைப் பிடிக்கப்போகிறார்கள்' என்ற கதை காற்றில் மிதந்துகொண்டிருந்த காலத்தில், அந்தக் கதையையே எடுத்து, அதற்குள் இருக்கும் மனிதர்களுக்கு வாய் கொடுக்காமல் எழுதினால், அது வெறும் கிண்டலாக மட்டும் நிற்காது.

மேஜைக்கு எதிர்ப்பக்கம்

பயந்தவர் எழுதியதைப் பார்த்தோம். யாரைப் பார்த்துப் பயப்படுகிறார்களோ, அவர் எழுதினால்?

மொஹ்சின் ஹமீதின் 'தி ரிலக்டன்ட் ஃபண்டமென்டலிஸ்ட்', 2007. லாகூரின் பழைய அனார்கலி பஜாரில் ஒரு டீக்கடை. சங்கேஸ் என்ற தாடிக்காரர் ஒரு அமெரிக்கரோடு பேச ஆரம்பிக்கிறார். நாவல் முழுக்க அவர் ஒருத்தர் குரல் மட்டும்தான். அமெரிக்கர் பேசுவது நமக்குக் கேட்பதே இல்லை. வெல்பெக்கில் யாருக்கு வாய் இல்லையோ, இங்கே அவர் மட்டும்தான் பேசுகிறார். பிரின்ஸ்டனில் படித்தது, நியூயார்க்கில் கம்பெனிகளுக்கு விலை மதிப்பிடும் நிறுவனத்தில் வேலை பார்த்தது, எரிகா என்ற பெண்ணைக் காதலித்தது, எல்லாம் சொல்கிறார். மணிலாவில் ஓட்டல் அறையில் கோபுரங்கள் விழுவதை டிவியில் பார்த்தபோது தன் முகத்தில் ஒரு புன்னகை வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். அந்த இடத்தில் நமக்கு ஒரு மாதிரி ஆகிறது, இல்லையா? இவன் யார்?

தலைப்பிலேயே ஒரு வேடிக்கை இருக்கு. அந்த நிறுவனத்தின் தாரக மந்திரம், 'அடிப்படைகளில் கவனம் வை' என்பது. அடிப்படைன்னா லாப நஷ்டக் கணக்கு. எத்தனை பேர் வேலை போகும் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பார்க்கிற அடிப்படைவாதம். தலைப்பைப் பார்த்ததும் நாம் வேறு ஏதோ நினைத்தோம். ஆசிரியருக்கும் நாம் அப்படித்தான் நினைப்போம் என்று தெரியும்.

இருட்டுகிறது. பரிமாறிய ஆள் பின்னாலேயே நடந்து வருகிறான். அமெரிக்கர் கோட்டுக்குள் கை விடுகிறார். ஏதோ உலோகம் மின்னுகிறது. விசிட்டிங் கார்டு வைக்கும் டப்பாவாகக்கூட இருக்கலாம். அங்கேயே நாவல் முடிந்துவிடுகிறது. சங்கேஸ் கையில் ஆயுதம் இருந்ததாக நாவல் எங்கேயுமே சொல்லவில்லை. அவரைப் பார்த்துப் பயந்தது நாம்தான், படிக்கிற நாம். திரும்பிப் போய்ப் படிச்சா தெரியும், சந்தேகப்படும்படி அசைந்ததெல்லாம் எதிரில் இருந்தவர்தான்.

கமிலா ஷம்சியின் 'ஹோம் ஃபயர்' 2017-ல் வந்தது, அடுத்த ஆண்டு பெண்களுக்கான புனைவுப் பரிசு வாங்கியது. சோஃபக்ளீஸின் 'ஆன்டிகனி' கிரேக்க நாடகத்தை இன்றைய லண்டனுக்குக் கொண்டுவந்திருக்கிறார். முதல் காட்சி ஹீத்ரோ விமான நிலையம். இஸ்மா என்ற பெண் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறாள். விசாரிப்பார்கள் என்று முன்பே தெரியும், அதனால் தங்கையை அதிகாரி வேஷம் போட வைத்து வீட்டிலேயே ஒத்திகை பார்த்திருக்கிறாள். பெட்டியில் குர்ஆன் வைக்கவில்லை, குடும்பப் போட்டோ வைக்கவில்லை. ராணியைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார்கள், டிவியில் வரும் கேக் போட்டியைப் பற்றிக்கூடக் கேட்கிறார்கள். ஃப்ளைட் போய்விடுகிறது. கேக் போட்டியைப் பற்றிச் சொல்வதற்குக்கூட ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு வாழ வேண்டியிருக்கிறது, பாருங்க.

அவள் தம்பி பர்வைஸ் சிரியாவுக்குப் போய் ஐஎஸ் அமைப்பில் சேர்கிறவன். அப்டைக்கின் அஹ்மத் இருந்த அதே இடம். ஆனால் பர்வைஸுக்கு ஒலிகளின் மேல் பைத்தியம். மைக்கைத் தூக்கிக்கொண்டு தெருச் சத்தங்களைப் பதிவு செய்கிற பையன். அந்த ஆசையையே தூண்டிலாக்கி, அங்கே அவனை ஒலிப்பதிவு வேலையில் வைக்கிறார்கள். அவன் செய்தது சரியென்று ஷம்சி ஒரு வரிகூட எழுதவில்லை. நமக்கு அவன் மேல் கோபம் வருகிறது. ஆனால் பயம் வருவதில்லை, ஏனென்றால் அவன் நமக்குத் தெரிந்த பையனாகிவிட்டான்.

ஒரு கடைசி விஷயம். வெல்பெக் எழுதிய 2022 வரவில்லை. நிஜமான 2022-ல் இரண்டாம் சுற்றில் நின்றவர்கள் மக்ரோனும் லெ பென்னும். 'மாபெரும் இடமாற்றம்' என்று மேடைமேடையாகப் பேசிய எரிக் ஸெமூர் முதல் சுற்றில் சுமார் 7 சதவீதம் வாங்கினார். ஷம்சி தன் நாவலில் கராமத் லோன் என்று ஒரு பிரிட்டிஷ் உள்துறை அமைச்சரை வைத்திருந்தார். பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், வெளியே போய்ச் சேர்ந்தவர்களின் குடியுரிமையைப் பறிக்கிறவர். அந்த இறந்த தம்பியின் உடலைக்கூட நாட்டுக்குள் விடமாட்டேன் என்கிறார். புத்தகம் வந்து ஒரு வருஷம் ஆகும் முன்பே, 2018 ஏப்ரலில், பாகிஸ்தானியப் பெற்றோரின் மகனான சாஜித் ஜாவித் பிரிட்டனின் உள்துறை அமைச்சரானார். 2019 பிப்ரவரியில், 15 வயதில் லண்டனிலிருந்து சிரியா போன ஷமீமா பேகமின் குடியுரிமையை ரத்து செய்தார்.

இதில் எதை முதலில் படிக்கலாம் என்று கேட்டால், ஹமீதை எடுங்க. 200 பக்கத்துக்கும் குறைவு, ஒரே மூச்சில் முடிச்சிடலாம். முடிச்சதும் கடைசி அத்தியாயத்தை மட்டும் இன்னொரு தடவை படிங்க, யார் கை எங்கே இருக்குன்னு பார்த்துக்கிட்டே. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.