பெற்றோர் தொடுத்த வியாஜ்யம்

பள்ளிக்கூடம் சர்க்காருடையது, அதை நடத்தும் பணமோ ஜனங்கள் கொடுக்கும் வரி. அவ்வாறிருக்க, வரி கொடுப்போர் சிலருடைய குழந்தைகளுக்கு மாத்திரம் கதவைச் சாத்துவதற்கு அதிகாரிகளுக்கு என்ன பாத்தியதை உண்டு? அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்துப் பெற்றோர் 1971-ஆம் வருஷத்தில் நியாயஸ்தலத்திலே கேட்ட கேள்வி இதுவே.

மனத்தின் வயது 5 நிரம்பாத குழந்தையை முதல் வகுப்பில் சேர்க்க மறுக்கலாம் என்று அம்மாகாணச் சட்டம் இடங்கொடுத்திருந்தது. அத்தகைய குழந்தைகளுக்குப் படிப்பால் பயனில்லை என்று அதிகாரிகள் எண்ணினர். அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்கான சங்கத்தினரும் பெற்றோரும் வழக்குத் தொடுத்தனர். பயிற்சியினால் பயனடையாத குழந்தை ஒன்றேனும் இல்லை என்று நிபுணர்கள் சாக்ஷியம் கூறினர். மாகாண சர்க்கார் இறங்கி வந்து உடன்படிக்கை செய்துகொண்டது.

மறு வருஷம் வாஷிங்டன் நகரத்திலே இதைப் போன்ற வேறொரு வழக்கு நடந்தது. பணமில்லை என்றனர் கல்வி அதிகாரிகள். பணம் போதாதாயின் அக்குறையை எல்லாக் குழந்தைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டுமேயன்றி, ஊனமுற்ற குழந்தையின் தலையில் அதிகமாகச் சுமத்தலாகாது என்று தீர்ப்பாயிற்று. எந்த தேசத்துக்கும் பொருந்தும் நீதி இது!

இவ்வெற்றிகளின் பின்னர், 1975-இல் அந்நாட்டுக் காங்கிரஸ் சட்டமியற்றிற்று. ஊனமுற்ற குழந்தைகளில் பத்து லக்ஷம் பேர் பொதுப் பள்ளிகளுக்கு முற்றிலும் புறம்பாயிருந்தனர் என்று அச்சட்டமே ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் திட்டம் எழுதப்பட வேண்டும். அதை வகுக்கும் சபையிலே பெற்றோருக்கும் ஆசனம் உண்டு. முடிவு பிடிக்காவிடில் விசாரணை கோரலாம்.

ஆயினும் சட்டம் தானாக நடந்துவிடுமா? அற்பப் பயன் கிடைத்தாலே போதும் என்று கொலராடோ மாகாணத்துப் பள்ளி நிர்வாகம் ஒன்று வாதாடிற்று. ஆடிஸம் உள்ள ஒரு சிறுவனின் பெற்றோர் விடவில்லை. அவன் நிலைமைக்கேற்ற முன்னேற்றத்தைத் தரவல்ல கல்வியே கல்வி என்று 2017-இல் ஸுப்ரீம் கோர்ட் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பர். தன் குறையைச் சொல்லவும் மாட்டாத பிள்ளைக்காகப் பெற்றோரே குரல் எழுப்ப வேண்டியதாயிற்று. வழக்காடப் பொருளும், சட்டம் படிக்க அவகாசமும் இல்லாத ஏழைப் பெற்றோர் என் செய்வர்? அவர்கள் அருகில் நின்று மனு எழுதிக் கொடுப்பதும், சபையிலே உடன் அமர்வதும் பொதுஜன ஊழியர்களின் கடமை. உரிமையைப் பேசுவோர், பேச இயலாதவனின் உரிமையையும் சேர்த்தே பேசுவாராக.