மலைப்பாதையில் எரிபொருட் சிக்கனம்

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் செலவும் வேளாண்மைச் செலவேயாகும். 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் அரிதானபோது இவ்வுண்மையை யாவரும் உணர்ந்தோம். அவ்வாண்டிற் பங்கீடு தொடங்கியவேளை, முச்சக்கர வண்டியொன்றுக்கு வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோலே வழங்கப்பட்டது. ஆகவே, குறைந்த எரிபொருளுடன் கூடிய பாரத்தைக் கொண்டு செல்லும் வழியைக் கண்டிப் பகுதிக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

மெதுவாகச் செல்லும் வண்டியின் சத்தி பெரும்பாலும் இருவகையிற் செலவாகின்றது. ஒன்று, சில்லு உருளுகையில் உண்டாகுந் தடையை வெல்லுதல். மற்றையது, பாரத்தை மேட்டுக்கு உயர்த்துதல்.

சமநிலத்தில் முதலாவது செலவே முக்கியமானது. 1000 கிலோ பாரத்தை இருப்புப்பாதையில் நகர்த்த ஏறக்குறைய 2 கிலோ நிறைக்குச் சமமான இழுவிசை போதும். நல்ல தார்வீதியிற் செல்லும் லொறிக்கு 8 அல்லது 9 கிலோ வேண்டும். 1867 ஆம் ஆண்டிற் புகையிரதம் கண்டியை அடைந்தபின், கோப்பி மூடைகளைக் கொழும்புக்கு இழுத்துச் சென்ற மாட்டுவண்டிகள் அத்தொழிலை இழந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆயின் ஏற்றத்திற் கணக்கு மாறுகின்றது. கடுகண்ணாவை ஏற்றத்திற் புகையிரதப் பாதை ஏறக்குறைய 45 அடிக்கு 1 அடி வீதம் உயர்கின்றது. அத்தகைய சரிவில் 1000 கிலோவை ஏற்றுவதற்கு மேலும் 22 கிலோ இழுவிசை தேவை. இப்பொழுது புகையிரதத்துக்கு 24 கிலோவும் லொறிக்கு 31 கிலோவும் ஆகின்றன. சமநிலத்தில் நான்கு மடங்காயிருந்த வேறுபாடு இங்கே மிகச் சுருங்கிவிடுகின்றது. துவிச்சக்கர வண்டியும் அவ்வாறே. சமநிலத்தில் அதனைச் செலுத்துபவர் நடப்பவரின் சத்தியில் ஐந்திலொரு பங்கையே செலவிடுகின்றார்; செங்குத்தான ஒழுங்கையிலோ இறங்கித் தள்ள நேர்கின்றது.

எனவே மலைநாட்டிற் கவனிக்க வேண்டியது வண்டியின் வெறும் நிறையாகும். 350 கிலோ நிறையுள்ள முச்சக்கர வண்டியிற் சாரதியுடன் 50 கிலோ போஞ்சி மூடையொன்று மட்டும் செல்வதாகக் கொள்வோம். ஒரு கிலோ போஞ்சிக்காக வேறு 8 கிலோவையும் மேட்டுக்கு ஏற்றுகின்றோம். 3000 கிலோ நிறையுள்ள லொறி 3000 கிலோ மரக்கறியை ஏற்றுமாயின், ஒரு கிலோவுக்கு ஒரு கிலோவே மிகையாகும். சந்தை பள்ளத்திலிருப்பினும், வெறும் வண்டி மீண்டும் மேட்டுக்கு ஏறியே தீரும்.

ஆகையாற் கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை:

1. அயற்றோட்டத்தார் ஒன்றுசேர்ந்து, ஒரே நாளிற் பறித்து, ஒரே லொறியில் அனுப்புக.

2. திரும்பும் வண்டியில் உரம், விதை முதலியவற்றை ஏற்றி வருக.

3. சில்லுகளிற் காற்றுக் குறையாது பார்த்துக்கொள்க. காற்றுக் குறைந்த சில்லு எரிபொருளை வீணாக்கும்.

4. சிக்கனம் கருதி இறக்கத்திற் கியரை நீக்கி வண்டியை உருளவிடலாகாது. பிறேக்கு சூடேறிப் பயனற்றுப்போனால் உயிருக்கே கேடாகும்.

நிறைந்த வண்டியே சிக்கனமான வண்டி என்பதை மனத்திற் கொள்க.