குளத்துக்கும் ஒரு வரவு செலவு!

திருப்பூர்க்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது பாதி நாள்தான். காலையில் ஓவர்டைம், மதியம் பிரியாணி, அப்புறம் தூக்கம். எழுந்து, 'புள்ளைகளை எங்கே கூட்டிட்டுப் போறது?' என்று யோசிக்கும்போதே இருட்டிவிடும். ஊட்டிக்கு லீவு பத்தாது. சினிமாவுக்குப் போனாலோ, பாப்கார்னுக்கே பாதி நாள் கூலி போய்விடும்!

இவர்களுக்குக் கைகொடுப்பது மங்கலம் ரோட்டில் இருக்கும் ஆண்டிபாளையம் குளம். கரையோரம் சின்னதாக ஒரு பூங்கா, சவாரிக்குப் படகு. வாரமெல்லாம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த மூக்குக்கு நல்ல காற்று.

ஆனால், பூங்காவுக்காக வெட்டிய குளமில்லை இது. பூங்கா நேற்று வந்த விருந்தாளி. குளத்தின் பூர்வீகம் நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் புறப்படும் அந்த ஆற்றை நம்பி பேரூர், உக்கடம், சிங்காநல்லூர், சூலூர், சாமளாபுரம் என்று வரிசையாகக் குளங்கள். மங்கலம் பக்கம் ஆற்றின் குறுக்கே நல்லம்மன் தடுப்பணை. கட்டக் கட்ட உடைந்த அணை நிற்பதற்காக நல்லம்மன் என்ற பெண் உயிரையே கொடுத்தாள் என்பது ஊர்க்கதை. ஆற்றுக்குள்ளேயே அவளுக்குக் கோயில். வெள்ளம் வந்தால் கோயிலும் முழுகும். அங்கே திரும்பும் தண்ணீர்தான் வாய்க்கால் வழியாக ஆண்டிபாளையம் வருகிறது.

நான் படித்தது பி.காம். குளத்தைப் பார்த்தாலும் பற்று வரவுதான் கண்ணில் தெரியும். வரவுப் பக்கம் மழை, ஆறு, வாய்க்கால். பற்றுப் பக்கம் வெயில். சுற்றுவட்டாரக் கிணற்றில் ஊறும் நீர், சேமிப்பு. சாக்கடையும் பிளாஸ்டிக்கும் வராக்கடன்!

கணக்கு தப்பினால் என்ன ஆகும்? திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையம் அணையைப் பாருங்கள். பாசனத்துக்காக 1992-ல் திறந்தது. சாயக்கழிவு வந்து தேங்கி, தண்ணீருக்கு ஏங்கவேண்டிய விவசாயிகளே கோர்ட் படி ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் தொழில் என்று ஆன பிறகே ஊர் மறுபடி ஓட ஆரம்பித்தது.

கெட்டதை மட்டும் சொல்வானேன்? ஊருக்கு இன்னொரு பக்கம் இருக்கும் நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் ஏறிவிட்டது. காப்பாற்றினால் குளமும் ஏற்றுமதித் தரம்தான்!

ஆண்டிபாளையம் கரையில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"படகு நல்லா ஓடுதுங்களா?"

"ஓடுதுங் தம்பி. சந்தோசந்தான். வாய்க்கா ஓடுதான்னு ஆராச்சும் எட்டிப் பாக்கறாங்களா? அது ஓடுனாத்தானுங்க இது ஓடும்."

அதுதான் விஷயம். பெஞ்சுக்குப் பெயின்ட் அடிப்பது சுலபம். கண்ணுக்குத் தெரியாத வாய்க்காலைத் தூர்வாருவதில்தான் பூங்காவின் ஆயுள் இருக்கிறது.

அது அரசாங்கம் பார்க்க வேண்டிய வேலை என்கிறீர்களா? சரி, நம் பங்குக்கு ஒன்று. உலகத்துக்கே பனியன் ஏற்றுமதி செய்கிற ஊர் இது. ஞாயிற்றுக்கிழமை குளத்துக்குக் கொண்டுபோகிற சிப்ஸ் கவரை மட்டும் மறக்காமல் வீட்டுக்கு இறக்குமதி செய்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்!