வகுப்பறைக்கு வரட்டும் கத்தரிக்காய் வழக்கு

பிளஸ் டூ உயிரியலில் பி.டி. பயிர்கள் பற்றி ஒரு பகுதி வரும். மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்றின் புரதம் புழுவின் குடலில் உள்ள காரத்தன்மையால் நஞ்சாகிறது, குடல் சுவர் ஓட்டையாகிறது, புழு சாகிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். இதே புரதம் கொண்ட கத்தரிக்காயை இந்தியா ஏன் நிறுத்திவைத்தது என்று கேட்டால்தான் விழிப்பார்கள்.

காய்த்துளைப்பான் புழுவைத் தடுக்க மஹிகோ நிறுவனம் பி.டி. கத்தரியை உருவாக்கியது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் அந்தத் திட்டத்தில் பங்குண்டு. 2009 அக்டோபரில் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் அவசரப்படவில்லை. ஏழு நகரங்களில் விவசாயிகளையும் விஞ்ஞானிகளையும் நேரில் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று தடை அறிவித்தார். பக்கத்து வங்கதேசமோ 2013இல் அதே கத்தரிக்கு அனுமதி கொடுத்து, அடுத்த ஆண்டே 20 விவசாயிகளிடம் நாற்றைக் கொடுத்தது.

அறிவியல் எப்படி இயங்குகிறது என்று காட்ட இதைவிடத் தோதான பாடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பட்டிமன்றம் வைத்துவிடக் கூடாது, அதில் குரல் பெருத்தவர்தான் ஜெயிப்பார். கேள்விகளைத் தரம் பிரிக்கச் சொல்லலாம். எலிகளுக்கு 90 நாள் கொடுத்துப் பார்த்த சோதனை, ஆயுள் முழுக்கச் சாப்பிடும் மனிதரைப் பற்றி எவ்வளவு சொல்லும்? மகரந்தம் பக்கத்துக் கொல்லையின் நாட்டுக் கத்தரிக்குப் போகுமா? இவை ஆய்வு செய்யக்கூடியவை. விதை யார் கையில் இருக்க வேண்டும், எவ்வளவு ஆபத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்கு எந்த ஆய்வகமும் விடை தராது. விற்கப்போகிறவரே திரட்டிய தரவை எந்த அளவு நம்புவது? இது இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் நிற்கும். புத்திசாலிப் பிள்ளைகள் இங்கேதான் திணறுவார்கள், திணறட்டும்.

இந்தக் கதையில் இன்னொரு சுவாரசியமும் உண்டு. 2010 செப்டம்பரில் நாட்டின் ஆறு அறிவியல், தொழில்நுட்பக் கழகங்கள் மரபணு மாற்றப் பயிர்கள் குறித்து அறிக்கை தந்தன. முன்பே வெளிவந்த ஒரு கட்டுரையின் வரிகள் அதில் அப்படியே இருந்தது அம்பலமானது. டிசம்பரில் திருத்திய அறிக்கை வந்தது, பரிந்துரை மட்டும் மாறவில்லை. வரிகளைக் காப்பியடித்ததால் பரிந்துரையும் தப்பாகிவிடுமா? இந்த ஒரு கேள்வியே ஒரு பீரியடைத் தின்றுவிடும்.

தடைக்கான காரணங்களை அமைச்சர் விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறார். ஆசிரியர்களே, அதைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். உங்கள் சொந்தக் கட்சி எது என்பதைக் கடைசி மணி அடிக்கும்வரை சொல்லாதீர்கள்.